32 எழுத்துப் பெட்டிக்குள் 60 எழுத்து

மருதனார்மடப் பக்கம் ஒரு ரியூசன் சென்ரருக்கு முன்பு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். போன மாதம் அங்கே வேலை செய்கிற தம்பி தரவுத்தளத்தைத் திறந்து காட்டினார். "அண்ணை, இந்தப் பதினொரு பிள்ளையளும் ஒரே பாஸ்வேட்டோ வச்சிருக்கினம்?" பதினொரு நிரையிலும் அச்சொட்டாக ஒரே 32 எழுத்து. அதைக் கூகிளில் போட்டால் 123456 என்று விடை வந்தது. பாஸ்வேட்டை 32 எழுத்தாக மாற்றுகிற எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையைப் போட்டு வைத்த மகராசன் நான்தான்.

ஒடியலை இடித்து மாவாக்கினால் திரும்ப ஒடியல் ஆக்க முடியாது. பாஸ்வேட்டை வேறு எழுத்துகளாக்கி வைக்கிற ஹாஷும் அப்படித்தான். நீங்கள் லொகின் செய்யும்போது அடிப்பதையும் சேர்வர் இடித்து, வைத்திருக்கிற மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எம்டி5இன் வில்லங்கம் அதன் வேகம். ஒரு கிராபிக்ஸ் கார்ட் செக்கனுக்குக் கோடிக்கணக்கில் சொற்களை இடித்துப் பார்த்துவிடும். இடிக்க முதல் ஒவ்வொருவருடைய பாஸ்வேட்டோடும் வேறு வேறு எழுத்துக் கலவையை, அதாவது சால்ட்டை, சேர்க்காவிட்டால் ஒரே பாஸ்வேட் ஒரே மாவாகத்தான் வரும். (உப்பு என்றுதான் பேர், ஆனையிறவு உப்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1979இலேயே ரொபர்ட் மொரிஸும் கென் தொம்சனும் யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு இந்தச் சால்ட்டை எழுதி வைத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 2012இல் லிங்க்ட்இன்னில் இருந்து கசிந்த பாஸ்வேட்டுகள் சால்ட் இல்லாத ஷா-1 என்ற இன்னொரு வேகமான ஹாஷில் இருந்தன. எனக்கு ஒரு துணை.

நீங்களாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். வெப்சைட்டை பிஎச்பி மொழியில் எழுதியிருந்தால் பாஸ்வேட்_ஹாஷ் என்ற பங்ஷன் 5.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. 1999இல் வந்த பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையை அது பாவிக்கும். சால்ட்டைத் தானே போட்டுக்கொள்ளும். கொஸ்ட் என்ற எண் 10 என்றால் 1024 சுற்று, 11 என்றால் அதன் இரு மடங்கு. வேண்டுமென்றே மெதுவாக இடிக்கிற உலக்கை இது. புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஆர்கன்2ஐடி என்ற ஹாஷ் முறை இன்னும் நல்லது. அது நினைவகத்தையும் நிறைய விழுங்குவதால் கிராபிக்ஸ் கார்ட்டுக்குக் கஷ்டம்.

பழைய எம்டி5 கணக்குகளை மாற்ற, பிள்ளைகளைப் புதுப் பாஸ்வேட் போடச் சொல்லிக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை. இருக்கிற 32 எழுத்தையே பாஸ்வேட்டாக நினைத்துப் பிகிரிப்ட்டுக்குக் கொடுங்கள். 'பழையது' என்று அட்டவணையின் இன்னொரு நிரலில் (கொலம்) குறித்துவையுங்கள். பிள்ளை லொகின் செய்யும்போது அடித்ததை முதலில் எம்டி5 ஆக்கி, பிறகு சரிபாருங்கள். சரி என்றால் அந்த நேரத்தில் உண்மையான பாஸ்வேட் உங்கள் கையில் இருக்கும். அதை நேரே பிகிரிப்ட் செய்து குறியை எடுத்துவிடுங்கள்.

ஆனால் முதலில் பாஸ்வேட் ஹாஷ் இருக்கிற நிரலை 255 எழுத்துக்கு அகலமாக்குங்கள். நான் மறந்துபோனேன். பிகிரிப்ட் தருவது 60 எழுத்து, என் நிரலில் இடம் 32. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில், பிழையைத் தடுத்து நிறுத்துகிற ஸ்ட்ரிக்ட் மோட் போட்டிராததால் அது ஒரு முறைப்பாடும் இல்லாமல் மிச்சத்தை வெட்டிவிட்டது. சனிக்கிழமை காலை ஒருவருக்கும் உள்ளே போக முடியவில்லை. முதல்நாள் இரவு எடுத்த பேக்கப்தான் மானத்தைக் காப்பாற்றியது. எல்லாம் சரிவந்த பிறகு அந்தப் பேக்கப்பையும் அழியுங்கள், அதற்குள் பழைய எம்டி5 அப்படியே கிடக்கிறது.

இதெல்லாம் சேர்வருக்குள். வழியில் என்ன நடக்கிறது என்று சென்ரர் சேருக்குக் காட்ட, என் லப்டொப்பை ஹொட்ஸ்பொட் ஆக்கி, அவருடைய போனை அதில் இணைக்கச் சொல்லி, வலையமைப்பில் போய்வருவதைக் காட்டுகிற வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டேன். வெப்சைட் வெறும் எச்டிடிபி, அதாவது எதையும் மறைக்காமல் அனுப்புகிற முறை. அவருடைய பாஸ்வேட் என் திரையில் வாசிக்கக்கூடிய எழுத்தாகவே வந்து நின்றது. சேர் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார்.

இதற்கு மருந்து, மறைத்து அனுப்புகிற எச்டிடிபிஎஸ். அதற்குத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். ஆனால் குறுகிய காலத்தில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கும்படி போட்டுவிடுங்கள். தம்பி வேறு வழி சொன்னார்: பிரவுசருக்குள்ளேயே ஹாஷ் செய்து அனுப்பினால் எச்டிடிபிஎஸ் எதற்கு? அப்படிச் செய்தால் அந்த ஹாஷ்தான் பாஸ்வேட். வழியில் பிடிக்கிறவன் அதையே திருப்பி அனுப்பி உள்ளே வந்துவிடுவான்.

வேலை முடிந்து வெளிக்கிடும்போது சேர் கேட்டார்: "பிள்ளையள் மறந்தால் பழைய பாஸ்வேட்டை எஸ்எம்எஸ்ஸிலை அனுப்பேலாதோ?"

"அது எங்களிட்டையே இல்லை சேர். புதுசு போட, அரை மணித்தியாலத்துக்குள்ளை ஒருக்கா மட்டும் பாவிக்கக்கூடிய லிங்க்தான் அனுப்பலாம்."