கூட்டல் கழித்தல் பொத்தானிலிருந்து தொடங்குங்கள்

அக்கா மகள் போன மாதம் ஒரு கேனான் 1500டி வாங்கினாள். தெரிந்தவர் ஒருவர் பயன்படுத்தியது, 18-55 லென்ஸோடு. பெட்டி இல்லை, கையேடும் இல்லை. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் நான் ஸ்டுடியோ வைத்திருப்பதால் நேராக என்னிடம் வந்து, "மாமா, எல்லாப் பொத்தானையும் சொல்லிக்கொடுங்க" என்றாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் நிற்காது. நம் கடற்கரைக்கு எது முதலில் வேண்டுமோ அதிலிருந்து தொடங்கினோம். புதிதாகக் கேமரா பிடிக்கும் எவருக்கும் அதே வரிசையைத்தான் சொல்வேன்.

முதல் வேலை, வாரைக் கழுத்தில் மாட்டுவது. அடுத்தது, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் வலப்பக்க ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரம். அதை யாரும் கவனிப்பதில்லை. பழைய ஆளின் கண்ணுக்கு ஏற்றபடி அது திரும்பியிருக்கும். உங்களுக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், லென்ஸ்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். உள்ளே தெரியும் 9 குவியப் புள்ளிகளும் கீழே ஓடும் எண்களும் பளிச்சென்று தெரியும்வரை அதைத் திருப்புங்கள். நடுப்பகல் வெயிலில் பின்திரை கண்ணுக்கே தெரியாது. இந்த ஊரில் வியூஃபைண்டர்தான் துணை.

பிறகு ஷட்டர் பொத்தானைப் பாதி மட்டும் அழுத்திப் பழகுங்கள். காலிங் பெல் அடிப்பதுபோல் குத்தினால் கேமரா ஆடும். பாதி அழுத்தினால் பீப் சத்தம் கேட்கும், உள்ளே வலது கீழ் மூலையில் பச்சைப் புள்ளி எரியும். அதற்குப் பிறகுதான் மீதியை, மெதுவாக.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே இருக்கும் வட்டத்தைப் பச்சைக் கட்டத்திலிருந்து எடுத்துப் 'பி'யில் (P) வையுங்கள். பச்சைக் கட்டத்தில் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும். நீங்கள் சொல்வதை அது கேட்காது. 'பி'யில் வைத்தபின், பின்பக்கம் கட்டைவிரல் படுகிற இடத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஷட்டருக்குப் பின்னால் உள்ள சக்கரத்தை ஆட்காட்டி விரலால் உருட்டுங்கள். வியூஃபைண்டரின் அடியில் அளவுகோலில் கோடு நகரும். கூட்டல் 1 என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம், கழித்தல் 1 என்றால் பாதி.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கேமராவுக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. முன்னால் எது இருந்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி வெளிச்சத்தை அளக்கும். தனுஷ்கோடி மணலில் இவள் எடுத்த முதல் படம் மழை வரப்போவதுபோல் இருந்தது. "மணல் ஏன் மாமா அழுக்கா இருக்கு?" என்றாள். அதே இடம், அதே நிற்பு. கூட்டல் மூன்றில் இரண்டு வைத்து ஒன்று, ஒன்றேகால் பக்கம் வைத்து ஒன்று எடுக்கச் சொன்னேன். மூன்றாவதில் மணல் மணலாக வந்தது, காற்று வரைந்த வரிகள்கூடத் தெரிந்தன. வாலிநோக்கம் உப்பளத்திலும் இதே கணக்குதான்.

திரும்பி வரும்போது வழியில் ஒரு கறுப்பு வெள்ளாடு. படம் முழுக்க ஆடே நிற்கும்படி எடுத்தாள்; வெளுத்துப்போய்ச் சாம்பல் ஆடாக வந்தது. கழித்தல் 1 வைத்ததும் அதன் மேனி மினுமினுப்பு வந்துவிட்டது. 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரை வானத்துக்கு எதிரே எடுத்தால் சுவர் கரியாகும். அங்கே மறுபடியும் கூட்டல். வேலை முடிந்ததும் அளவுகோலில் உள்ள கோட்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

திரையை நம்பாமல் சரிபார்க்க ஒரு வழி உண்டு. படத்தைத் திரும்பப் பார்க்கும்போது டிஸ்ப் (DISP) பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால் மலைமேடு போல் ஒரு வரைபடம் வரும். மேடு வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெள்ளை வெந்துவிட்டது, விவரம் போய்விட்டது. கொஞ்சம் குறையுங்கள்.

இரண்டாம் வாரம், மேல் வட்டத்தில் 'டிவி' (Tv) என்று போட்ட இடம். தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீங்கள் வைக்கும் இடம். உள்ளே 500 என்று தெரிந்தால் நொடியில் 500-இல் ஒரு பங்கு. கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போனோம். இழுப்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுத்தோம். அவர்கள் வேலைக்கு நடுவே நாம் போகிறோம். 500-இல் கயிற்றிலிருந்து தெறித்த நீர் துளித்துளியாக நின்றது. 30-இல் கயிறு கலங்கி, இழுப்பவரின் பின்சாய்ந்த முதுகில் அசைவு தெரிந்தது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. எண் மின்னினால் அந்த நேரத்துக்கு வெளிச்சம் போதவில்லை, இல்லையென்றால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

'ஏவி' (Av) லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைக்கும் இடம். அதைப் பற்றி இப்போது அதிகம் வேண்டாம். எண் சிறிதானால் பின்னணி மங்கும், அவ்வளவுதான்.

ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்ணை மட்டும், ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஒருமுறை இரவு தேர்பவனிக்கு 3200 வைத்து எடுத்தேன். மறுநாள் காலை வெயிலில் அதே எண்ணோடு எடுத்த படங்கள் எல்லாம் வெளிறி, மணல் தூவியதுபோல் பொரிபொரியாக வந்தன. அந்தக் காலை திரும்பி வரவில்லை. பகலில் 100 அல்லது 200. பொழுது சாய்ந்தபின் 1600 வரை. கேமராவைக் கையில் எடுத்ததும் முதலில் இதைப் பாருங்கள்.

வீட்டில் கரண்ட் போகும் நேரத்தில் ஒரு பயிற்சி கொடுத்தேன். இருட்டில் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, நான் "கூட்டல் ஒன்று", "ஐஎஸ்ஓ" என்று சொல்லச் சொல்ல விரல் அங்கே போக வேண்டும். பத்து நாளில் வந்துவிட்டது. பாம்பனில் 2025-இல் திறந்த புதிய பாலத்தில் ரயில் வந்தபோது, சாலைப் பாலத்தில் நின்ற அவள் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே சக்கரத்தை உருட்டியிருந்தாள்.

கடைசியாக உப்பு. கரையில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மேலுடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை. லென்ஸ் கண்ணாடியில் மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், அதற்குப் பிறகுதான் துணி.