பரணிலிருந்து இறக்கிய குட்டி கேமராவைப் பழகுவது எப்படி?

என் கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “இது இன்னும் ஓடுதா?” என்றுதான். ஓடுகிறது. கேனான் பவர்ஷாட் எஸ்95, 2010-ல் வந்த மாடல். 10 மெகாபிக்சல், 3.8 மடங்கு ஜூம். தடிமன் 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து எடை 200 கிராமுக்குள். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், பேன்ட் பைதான் சரி. பழையதாகத்தான் வாங்கினேன். மூன்று வருடமாக, வெளியே கிளம்பும்போது சாவி, பர்ஸோடு இதுவும் வருகிறது.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். பரணைச் சுத்தம் செய்தபோது அவள் அப்பாவின் பழைய கேமரா கிடைத்ததாம். வேறு கம்பெனி, என்னுடையதைவிட ஒல்லி. “மாமா, எப்போ ஆன் பண்ணாலும் தேதி கேட்டுக்கிட்டே இருக்கு. ஃபோட்டோ எல்லாம் ஆடிப்போய் வருது. ரிப்பேரா?” ரிப்பேர் இல்லை. அன்று மாலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பட்டன் பெயர்கள் என் கேமராவில் உள்ளவை. உங்களுடையதில் இடம் மாறியிருக்கலாம், செய்கிற வேலை ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்த வகை கேமராவில் எது எரிச்சலூட்டினாலும், தோண்டிப் பார்த்தால் காரணம் அநேகமாக அதன் ஒல்லி உடம்புதான். லென்ஸை எங்கே ஒளிப்பது என்பதே செய்கிறவர்களுக்குப் பெரும்பாடு. 2002-ல் காசியோ தன் எக்ஸிலிம் எஸ்1 கேமராவை 11.3 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்தது, அதில் ஜூமே கிடையாது. அதே ஆண்டு வந்த மினோல்டா டிமாஜ் எக்ஸ், ஒரு முப்பட்டகத்தை வைத்து ஒளியைச் செங்கோணத்தில் திருப்பி, ஜூம் முழுவதையும் உடம்புக்குள்ளேயே நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொண்டது. என்னுடையதில் லென்ஸ் மடக்கு டம்ளர் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகப் போய் உட்காரும். எந்த வழியில் ஒல்லியாக்கினாலும் பேட்டரி சின்னதாகிவிடும், பிடிக்க இடம் இருக்காது, ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

முதல் படி: உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

பேட்டரியைக் கழற்றித் தட்டையான மேசையில் வையுங்கள். ஆடாமல் படுத்தால் நல்லது. வயிறு உப்பி ஆடினால் அதைச் சார்ஜ் போடவே வேண்டாம், புதிது வாங்குங்கள். எஸ்95-க்கு என்பி-6எல் என்ற பேட்டரி. ஒரு சார்ஜில் சுமார் 200 படம் என்பது கம்பெனி கணக்கு. நான் முதலில் ஒரு கடையில் வாங்கிய மலிவு பேட்டரி நாற்பது படத்தில் படுத்துவிட்டது. அதிலிருந்து இரண்டு பேட்டரி வைத்திருக்கிறேன், ஒன்று கேமராவில், ஒன்று பர்ஸில். இதை யுஎஸ்பி ஒயரில் சார்ஜ் செய்ய முடியாது, சுவரில் செருகும் தனி சார்ஜர் வேண்டும். பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் “சார்ஜர் இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள்.

ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே வரும் சத்தத்தைக் கவனியுங்கள். மணல் அரைபடுவது போல் கரகரத்தால் யோசிக்க வேண்டும். பிறகு அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி வரும் துளையை, எஃப் 8-க்கு வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சார் மேல், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லின் மேல், தூசி. இந்தக் கேமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் வீட்டில் துடைக்க வழியில்லை.

இரண்டாவது படி: தேதியும் கார்டும்

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி கேட்பதற்குக் காரணம் எளிது. கடிகாரத்துக்கென்று உள்ளே தனியாக ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரியைக் கழற்றிவிட்டால் என் கேமராவில் அது சுமார் மூன்று வாரம் தாங்கும், பத்து வருடம் பரணில் கிடந்தால் எப்படித் தாங்கும்? சார்ஜ் ஆன பேட்டரியைப் போட்டு, கேமராவை அணைத்தே நாலைந்து மணி நேரம் வைத்துவிடுங்கள். குட்டி பேட்டரி அதிலிருந்து தானாக ஏற்றிக்கொள்ளும். அப்புறம் தேதியை வைத்தால் நிற்கும். அக்கா மகளின் கேமராவும் ராத்திரி முழுக்க இப்படிக் கிடந்து காலையில் சரியாகிவிட்டது.

கார்டை கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள். ஸ்பேனர் படம் போட்ட மெனுவில் இருக்கும். ஆனால் அதற்கு முன் கார்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்! அவள் கொண்டுவந்த கார்டில் 87 படங்கள் இருந்தன. பாதிக்கு மேல் அவள் மொட்டை போட்ட அன்று எடுத்தவை. ஃபார்மட் பட்டனில் விரல் வைத்திருந்த நேரம் அது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத்தான் மேலே போனோம். படம் பதிய மறுத்து “பூட்டப்பட்டுள்ளது” என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எஸ்டி கார்டின் விளிம்பில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், அதை மேலே தள்ளுங்கள்.

மூன்றாவது படி: பிடிப்பது

முதலில் மணிக்கட்டுக் கயிறு. கேமரா விழுவது படம் எடுக்கும்போது அல்ல, பையிலிருந்து எடுக்கும்போதுதான். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஃபோனைப் பிடிப்பது போல் கையை நீட்டிப் பிடித்தால் ஆடத்தான் ஆடும்.

எஸ்95-ல் ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ளாஷ் இடது மேல் மூலையிலிருந்து மோட்டாரில் எழும்பும். சரியாக நம் இடது ஆள்காட்டி விரல் இருக்கிற இடம். முதல் வாரம் விரலை வைத்து அழுத்திக்கொண்டே, கேமராவுக்குள் ஏதோ முனகுகிறதே என்று முழித்துக்கொண்டிருந்தேன். இப்போது இடது கையின் விரல்களை மேலே வைப்பதில்லை, அடியில் தாங்கிக்கொள்கிறேன்.

நான்காவது படி: பாதி அழுத்தம்

படம் ஆடிப்போவதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. ஃபோனில் ஒரு தட்டு தட்டிப் பழகிய விரல், ஷட்டர் பட்டனையும் அப்படியே குத்துகிறது. இந்த பட்டனுக்கு இரண்டு தளம். மெதுவாகப் பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸையும் வெளிச்சத்தையும் அளந்து, பச்சைக் கட்டம் காட்டி ஒரு ‘பீப்’ கொடுக்கும். அங்கேயே நிறுத்துங்கள். பிறகு விரலை எடுக்காமல் மீதிப் பாதி.

பயிற்சி வேண்டுமா? சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளரை வைத்து, பாதி அழுத்தி நிறுத்தி, மூச்சை விட்டு, மீதியை அழுத்துங்கள். இருபது முறை. அவள் ஏழாவது முறையிலேயே பிடித்துக்கொண்டாள். இன்னொரு லாபமும் உண்டு: டம்ளரை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, பட்டனை விடாமல் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி எடுத்தால் டம்ளர் ஓரத்தில் இருந்தாலும் ஃபோகஸ் அதன் மேலேயே நிற்கும்.

பச்சைக்குப் பதில் மஞ்சளாக எச்சரிக்கை வந்தால் ஒன்று வெளிச்சம் போதவில்லை, அல்லது மிக அருகில் போய்விட்டீர்கள். அருகில் எடுக்கப் பூப்படம் போட்ட மேக்ரோ பட்டன் இருக்கிறது. என் கேமராவில் 5 செ.மீ. வரை போகலாம், ஆனால் ஜூம் செய்யாமல்.

ஐந்தாவது படி: ஆட்டோவை விட்டு ‘பி’க்கு வாருங்கள்

மேலே உள்ள வட்டத்தை ‘பி’க்குத் திருப்புங்கள். அங்கும் பெரும்பாலான வேலையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். உங்கள் கையில் தரப்படுவது வெளிச்சத்தின் கூடுதல்-குறைவு திருத்தம். ஒரு சதுரத்துக்குள் கூட்டல் கழித்தல் குறி போட்டிருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் கற்றுக்கொண்டாலும் போதும் என்பது என் கட்சி.

மொட்டை மாடியில் அம்மா வெள்ளை வேட்டி விரித்து வடகம் பிழிந்து காயவைத்திருந்தார். அக்கா மகள் எடுத்த படத்தில் வேட்டி துவைக்காத துணி மாதிரிச் சாம்பல் பூத்து வந்தது. காரணம், கேமராவுக்கு அது வேட்டி என்று தெரியாது. பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் கணக்கு. வெள்ளை நிறைய இருந்தால் இருட்டாக்கும், கறுப்பு நிறைய இருந்தால் வெளிறச் செய்யும். எனவே வெள்ளைக்குக் கூட்ட வேண்டும்: +2/3 வைத்தோம், வேட்டி வேட்டியானது. வடகத்தின் நிழல்கூட நீலமாகத் தெரிந்தது. கருங்கல் தூணை எடுக்கும்போது இதற்கு எதிர்மாறு, –2/3.

எஸ்95-ல் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் உண்டு, திருப்பினால் ‘கடக் கடக்’ என்று நிற்கும். நான் இதை வைத்திருப்பதே இந்த வளையத்துக்காகத்தான். மேலே உள்ள ‘ரிங் ஃபங்க்’ பட்டனை அழுத்தி, வளையம் என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்லலாம். நான் இந்தத் திருத்தத்தைத்தான் அதற்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு ‘கடக்’குக்கு மூன்றில் ஒரு பங்கு. திரையைப் பார்க்காமலே விரலால் எண்ணிக்கொள்ளலாம். ஜூமை 28, 35, 50, 85, 105 மி.மீ. என்று படிப்படியாக நகர்த்தவும் அதே வளையத்துக்குச் சொல்லிவைக்கலாம். லென்ஸ் முகப்பில் 6.0-22.5 என்று வேறு எண் எழுதியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது லென்ஸின் உண்மையான அளவு. 28-105 என்பது பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சொல்வது.

ஆறாவது படி: இருட்டில் ஜூமைத் தொடாதீர்கள்

லென்ஸில் 2.0-4.9 என்றும் எழுதியிருக்கும். ஜூம் செய்யாதபோது எஃப் 2.0, முழு ஜூமில் எஃப் 4.9. இந்த எண் கூடினால் துளை சிறிதாகிறது என்று அர்த்தம். சும்மா இரட்டிப்பு மாதிரித் தெரிகிறது. ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் ஆறில் ஒரு பங்காகிறது. ஜூம் இல்லாமல் 1/30 விநாடியில் கிடைக்கிற படத்துக்கு முழு ஜூமில் 1/5 விநாடி வேண்டும். 1/5-ல் யார் கையும் ஆடும். கேமராவில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறது, அது உங்கள் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும். ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. ஆகவே சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஜூம் பிடியை மறந்துவிட்டு இரண்டு அடி முன்னால் போங்கள்.

ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறனை, 80 முதல் 400 வரை தயங்காமல் வையுங்கள். 800 பரவாயில்லை. அதற்கு மேல் புள்ளி புள்ளியாக வரும், வேறு வழியே இல்லை என்றால் மட்டும். இரவுத் தெருவைப் படமெடுக்க இன்றைய ஃபோன்தான் கெட்டி. பல படங்களை ஒன்றாக்கிச் சுத்தம் செய்து தருகிறது. அந்தப் போட்டிக்கு நான் இதை அனுப்புவதில்லை. கேமராவைக் கட்டைச்சுவர் மேல் வைத்து, 2 விநாடி டைமர் போட்டு, கையை எடுத்துவிட்டால் மட்டும் சமாளிக்கிறது.

ஏழாவது படி: ஃப்ளாஷ்

இதில் குட்டி கேமரா ஃபோனை ஜெயிக்கிறது. ஃபோனில் இருப்பது டார்ச் மாதிரி எரிகிற எல்இடி. இதில் கண்சிமிட்டும் நேரத்துக்குள் வெடிக்கிற உண்மையான ஃப்ளாஷ். ஆனால் லென்ஸை ஒட்டியே இருப்பதால் இருட்டில் கண் சிவக்கும், முகம் வெளுத்துப் பின்னால் கும்மிருட்டாகும். கல்யாண ரிசப்ஷனில் எடுத்துப் பாருங்கள், மேடையின் சீரியல் லைட் எல்லாம் காணாமல் போயிருக்கும்.

அதற்கு மருந்து ‘ஸ்லோ சிங்க்ரோ’. ஃப்ளாஷ் பட்டனை அழுத்தினால் ஆட்டோ, ஆன் என்பவற்றோடு அதுவும் வரும். ஃப்ளாஷ் முகத்தைப் பிடித்துவிடும். ஷட்டர் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருந்து பின்னால் உள்ள விளக்குகளைச் சேர்த்துக்கொள்ளும். நிற்கிறவர்களிடம் மட்டும் “ஃப்ளாஷ் அடிச்சதும் நகர்ந்துடாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். நடுப்பகலில், வெயில் முதுகில் விழ நிற்கிறவரின் முகம் கறுத்துப்போனால் ஃப்ளாஷை ஆன் செய்துவிட்டு எடுங்கள். “வெயில்ல எதுக்கு ஃப்ளாஷ்?” என்று யாராவது கேட்பார்கள். படத்தைக் காட்டினால் போதும்.

பயமுறுத்தும் சில விஷயங்கள்

சூரியனையோ பளிச்சென்ற விளக்கையோ நோக்கித் திருப்பினால் திரையில் மேலிருந்து கீழாக ஊதா நிறக் கோடு விழும். சிசிடி என்ற பழைய வகை சென்சார் உள்ள கேமராக்களின் சுபாவம் அது, பழுது இல்லை. படத்தில் வராது, வீடியோவில் மட்டும் பதியும். வீடியோ எடுக்கும்போது எஸ்95-ல் ஆப்டிகல் ஜூம் வேலை செய்யாது. அதுவும் பழுது இல்லை.

மணல்தான் நிஜமான எதிரி. இதற்கு முன் நான் வைத்திருந்த வேறொரு கேமரா பெசன்ட் நகர் கடற்கரையில் போனது. கீழேகூட விழவில்லை. மணல் ஒட்டிய கையைப் பையில் விட்டேன், அவ்வளவுதான். மறுநாள் லென்ஸ் பாதி வந்து நின்றுவிட்டது. அப்படி நின்றால் கையால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பற்சக்கரம் உடைந்துவிடும். இப்போது கடற்கரைக்குப் போனால் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் பையில் வைக்கிறேன். எடுத்த படத்தைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் பவர் பட்டனைத் தொடாமல் நேராக பிளே பட்டனை அழுத்துங்கள். லென்ஸ் வெளியே வராமலே திரை எரியும்.

வீட்டில் வைக்கும்போது காற்றுப் புகாத டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. சென்னை ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்கிற கூலி கேமரா விலையைத் தொட்டுவிடும்.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற கார்டை எடுத்து ரீடரில் போடுங்கள். கேமராவோடு வந்த ஒயரைத் தேட வேண்டாம், அது எந்தப் பரணில் இருக்கிறதோ!