வம்சாவளி தேடத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப மரம் வரைய ஆசைப்படும் பலர் முதலில் ஓர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று நிரப்புகிறார்கள். நான்காவது கட்டத்தில் கை நின்றுவிடும். பிறகு பழைய பத்திரம், ஆவணக் காப்பகம் என்று அலைகிறார்கள். இந்த வரிசையே தவறு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் தாளை அடுத்த வருடம் போனாலும் பார்க்கலாம். எண்பத்தைந்து வயது அப்பத்தாவின் நினைவை அப்படி ஒத்திப்போட முடியாது. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் உயிரோடு இருக்கும் மூத்தவர்களைப் பட்டியலிட்டு, உடம்புக்கு முடியாதவர் யாரோ அவரிடம் முதலில் போங்கள்.

கேட்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டால், உரக்கப் பேசுபவர் சொல்வதே எல்லாருடைய நினைவாகவும் மாறிவிடும். முதலில் ஒவ்வொருவராகத் தனியே கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்யுங்கள். “உங்க தாத்தா பேரு என்ன?” என்ற கேள்விக்கு ஒரு சொல்தான் பதிலாக வரும். பழைய கல்யாணப் போட்டோவை நீட்டி “பின்வரிசையில் நிற்கிறது யாரு?” என்று கேட்டால் பேச்சு வளரும்.

உறவுமுறைச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்வது அடுத்த சிக்கல். நம் வழக்கில் அண்ணன் என்றால் கூடப்பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். தாத்தாவின் தம்பியும் தாத்தாதான். “கூடப்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா? ஒரே அம்மாவுக்குப் பிறந்தவர்களா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டும். இரண்டாம் கேள்வி மூத்த தாரம், இளைய தாரம் இருந்த வீடுகளில் மிக முக்கியம். ‘ராசு’, ‘செல்லம்’ என்று வீட்டில் கூப்பிட்ட பெயரோடு பதிவுப் பெயரையும் கேட்டு இரண்டையும் எழுதுங்கள்.

பெயரை நம்பி ஏமாறுவது

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ‘மு. கருப்பையா’ என்று மட்டும் குறித்து வைத்தால், அந்த மு முத்தையாவா, முனியாண்டியா என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. இரண்டு இனிஷியல் இருந்தால் முன்னது பெரும்பாலும் ஊர், பின்னது தந்தை. திருமணத்துக்குப் பின் பெண்ணின் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறியிருக்கலாம். ஆகவே எந்த இனிஷியலையும் விரிக்காமல் விடாதீர்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்ப வரும். தாத்தாவின் பத்திரத்தைப் பேரனுடையதாக எடுத்துக்கொண்டு இரண்டு தலைமுறையை விழுங்கிவிட்ட மரங்கள் ஏராளம். தந்தை பெயரும் ஊரும் பொருந்தாமல் எந்த ஆவணத்தையும் ஒருவர் பேரில் ஏற்றக் கூடாது.

பெண்களை “இன்னார் மனைவி” என்று விட்டுவிடுவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. மரத்தின் பாதி அங்கேயே போய்விடுகிறது. பிறந்த ஊர், தந்தை பெயர், அண்ணன் தம்பிகள் பெயர் ஆகிய மூன்றும் கிடைத்தால்தான் அந்தக் கிளை வளரும். இதற்கு உதவும் தாள்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கும். கல்யாணப் பத்திரிகையில் இருவீட்டுப் பெரியவர்களின் பெயரும் ஊரும் இருக்கும். கருமாதிப் பத்திரிகையில் மகன், மகள், மருமகன், பேரன் வரிசை இருக்கும். மொய் நோட்டில் யார் எந்த ஊரிலிருந்து எவ்வளவு செய்தார்கள் என்பது வரிசையாக இருக்கும். தாய்மாமன் வீட்டாரின் ஊர் பலருக்கு அந்த நோட்டில்தான் அகப்படும்.

வருடத்தில் தடுமாறுவது

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதும்படி, ஜூனையொட்டி ஏதோ ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. ஜாதகம் இருந்தால் அதுவே நம்பகமானது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. தமிழ் வருடங்கள் 60க்கு ஒருமுறை சுற்றி வருபவை. தாது என்றால் 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். தலைமுறைக்கு 30 வருடம் என்று வைத்தால் தாத்தாவும் பேரனும் ஒரே பெயரோடு ஒரே வருடத்தின் பெயரிலும் பிறந்திருக்க வாய்ப்பு உண்டு! கிழமை, நட்சத்திரம், திதி மூன்றையும் அந்தந்த வருடப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். வருடம் சித்திரையில் தொடங்குவதால் தாது வருடத் தை மாதம் என்பது 1877 ஜனவரியில் வரும். இதை மறந்தால் ஒரு வருடம் பிசகும்.

கிஸ்தி எனும் நிலவரி ரசீதிலும் பழைய நில ஆவணத்திலும் பசலி எனும் வருவாய்த்துறை ஆண்டு இருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஆங்கில வருடம் கிடைக்க, ஜூலை முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை 591. பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. கன்னியாகுமரி, செங்கோட்டைப் பகுதிகள் 1949 வரை திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தவை என்பதால் அங்கே கொல்லம் ஆண்டு வரும், ஆவணமும் மலையாளத்தில் இருக்கலாம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். டிசம்பர் முடிய 824, அதன் பிறகு 825 கூட்ட வேண்டும்.

தவறான இடத்தில் தேடுவது

மாவட்டம் மாறியதைக் கவனிக்காமல் தேடி நொந்துபோனவர்கள் பலர். இன்றைய சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி 1911 வரை வட ஆற்காட்டில் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து 1910இல்தான் பிரிந்தது. அந்தக் காலத்தில் ஊர் எந்த மாவட்டம், எந்த தாலுகா என்று பார்த்த பிறகே விண்ணப்பம் எழுதுங்கள்.

பட்டாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் வீண். பாகப்பிரிவினைப் பத்திரம்தான் வாரிசுகளை உறவோடு அடுக்கிச் சொல்லும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1ஆம் புத்தகத்தை, கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். உயில்கள் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகே மற்றவர்களுக்கு அதன் நகல் கிடைக்கும். சர்வே எண், கிராமம், உத்தேச வருடம் இல்லாமல் அங்கே போனால் வெறுங்கையோடுதான் வர வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான ஏடும், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் உண்டு.

கடல் கடந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் பெயரை வைத்துத் தேடுவது பெரும்பாலும் பலிக்காது. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், பேரப்பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப் பெயராகியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. அந்த எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை பார்க்கலாம். மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. கங்காணி எனும் ஆள் சேர்க்கும் மேஸ்திரி வழியாக மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனவர்களுக்கு இவ்வளவு விரிவான பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஒருவரை இரண்டு பேராக்குவது

மரத்தில் ஒவ்வொருவருக்கும் எண் கொடுக்கும் முறை எளிது. நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண், அதோடு ஒன்று கூட்டினால் தாயின் எண். ஆனால் அக்காள் மகளைக் கட்டிய வீடுகளில் அப்பாவின் பெற்றோரே அம்மாவின் தாய்வழித் தாத்தா பாட்டி. அதாவது 4உம் 14உம் ஒருவரே, 5உம் 15உம் ஒருவரே. மென்பொருளில் புது ஆளாகச் சேர்க்காமல் இருக்கும் ஆளையே இணையுங்கள். மரபணுச் சோதனையும் இத்தகைய குடும்பங்களில் உறவை உள்ளதைவிட நெருக்கமாகக் காட்டும்.

“ராஜராஜன் படையில் இருந்தவர்கள் நாங்கள்” போன்ற வழிவழிச் செய்திகளை எழுதி வையுங்கள், ஆனால் மரத்தில் ஏற்றாதீர்கள். அவன் ஆட்சி 985 முதல் 1014 வரை. அங்கிருந்து இன்று வரை 35 தலைமுறையாவது வேண்டும். ஏழு பெயரை வைத்து அதைத் தொட முடியாது. குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் இதைவிட உருப்படியான தடயம். அங்கே வரி கொடுக்கும் பங்காளிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதியில், எந்த ஆவணம் என்று எழுதுங்கள். இருவர் முரணாகச் சொன்னால் இரண்டையும் வையுங்கள். பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், அதைப் பிறகு பிரிக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அமிலமற்ற உறையில் வையுங்கள். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். இணையத்தில் ஏற்றும்போது உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி இரண்டையும் நீக்கிவிடுங்கள். தத்துப் பிள்ளை, மறுமணம் போன்ற விவரங்கள் இருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்ட பிறகே அந்தக் கிளையை மற்றவர் பார்க்கும்படி திறந்து வையுங்கள்.