வீட்டில் பிசிபி எட்சிங்: ரசாயனத்தைக் கையாளும் முறை

பிசிபி என்பது எலக்ட்ரானிக் பாகங்களைப் பொருத்தும் மின்சுற்றுப் பலகை, சுருக்கமாக போர்டு. அதன் மேலிருக்கும் செம்புப் படலத்தில் தேவையான தடங்களை விட்டு, மிச்சத்தை ரசாயனத்தில் கரைத்தெடுப்பதுதான் எட்சிங். முதன்முதலாக அதைச் செய்தபோது கையுறை போட்டேன், கண்ணாடி மாட்டினேன், ஜன்னலையும் திறந்து வைத்தேன். போர்டு அழகாக வந்தது. ஒரு மாதம் கழித்து அலமாரியைத் திறந்தால் இடுக்கி, ஸ்க்ரூடிரைவர், டிரில் பிட் எல்லாவற்றிலும் துரு! மிச்சமிருந்த அமிலக் கரைசலை அதே அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இரும்பை அரித்திருக்கிறது. நான் தூங்கியதும் அதே அறையில்தான்.

போர்டு ட்ரேயில் கிடக்கும் அந்தக் கால் மணி நேரத்தை நினைத்துத்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அது அமைதியான கட்டம். கலக்கும்போதும், எடுத்து வைக்கும்போதும், கழிவைக் கொட்டும்போதும்தான் வம்பு வருகிறது. அதனால் இந்த விளக்கத்தில் அவற்றைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: ரசாயனத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவருக்கு என் பரிந்துரை ஃபெர்ரிக் குளோரைடு. அதுவும் ஏற்கெனவே கரைத்து விற்கப்படும் திரவமாக இருந்தால் நல்லது. பட்ட இடமெல்லாம் மஞ்சள் கறை பிடிக்கும். துணியில் பட்டால் துணியை மறந்துவிடுங்கள். ஆனால் நிதானமாக வேலை செய்யும், ஆவியும் குறைவு.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கலவை வேகமானது, மலிவானது. ஆனால் மூச்சை அடைக்கும் அமில ஆவி எழும்பும், குளோரின் வாயுவும் வரலாம். நாலைந்து போர்டு செய்து கை பழகிய பிறகு, திறந்தவெளியில் மட்டும் செய்து பாருங்கள். பெராக்சைடு 3% செறிவுக்கு மேல் வேண்டாம். செறிவு கூடினால் கலவை தானாகவே சூடாகிக் கொதிக்கும்.

படி 2: எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள்

இதைப் பலரும் செய்வதில்லை. சாதாரண போர்டில் செம்புப் படலத்தின் தடிமன் 35 மைக்ரான். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஒருபக்க போர்டில் உள்ள மொத்தச் செம்பே சுமார் 3 கிராம்தான். அது முழுவதும் கரைய ஈரமில்லாத ஃபெர்ரிக் குளோரைடு ஏறக்குறைய 16 கிராம் போதும். நடைமுறையில் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன போர்டுக்கு ஒரு லிட்டர் கலக்கினால், ஒரு லிட்டர் விஷக் கழிவுக்கு நீங்கள்தான் பொறுப்பாளி.

இன்னொரு வழியும் உண்டு. டிசைன் செய்யும்போதே காலி இடங்களில் செம்பை அப்படியே விட்டு கிரவுண்டோடு (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்பு) இணைத்துவிடுங்கள். கரைய வேண்டிய செம்பு குறையும், கழிவும் குறையும்.

படி 3: பாத்திரமும் இடமும்

பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி மட்டும். அலுமினியத் தட்டை நினைத்தும் பார்க்காதீர்கள்; ஃபெர்ரிக் குளோரைடு அதோடு மூர்க்கமாக வினைபுரிந்து சூடாகி ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். எவர்சில்வரும் தப்பாது. ஒருமுறை இதற்குப் பயன்படுத்திய பாத்திரம் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வராத நேரத்தில் செய்யுங்கள். ட்ரேக்கு அடியில் இன்னொரு பெரிய ட்ரே இருந்தால் சிந்தினாலும் அதற்குள்ளேயே நிற்கும்.

படி 4: உடம்புக்குக் காப்பு

நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கண்ணாடி வேண்டும். பார்வைக்காகப் போடும் மூக்குக்கண்ணாடி தெறிப்பதைத் தடுக்காது. துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அமில ஆவியைத் தடுப்பதில்லை. காற்றோட்டத்தை மட்டும் நம்புங்கள்.

படி 5: கலக்குதல்

எப்போதும் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் ரசாயனத்தைச் சேர்க்க வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். ஃபெர்ரிக் குளோரைடு தூளும் இதே ரகம்தான். கரையும்போது நன்றாகவே சூடாகும், எரிச்சலூட்டும் ஆவியும் வரும். ஒரு ஸ்பூன் போடுங்கள், கலக்குங்கள், சூடு ஆறட்டும், பிறகு அடுத்த ஸ்பூன். மொத்தமாகக் கொட்டிவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் டப்பா நெளிவதை வேடிக்கை பார்க்க வேண்டாம்.

பக்கத்தில் ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் திரவமோ இருக்கவே கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளியலறையில் எட்சிங் செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: எட்சிங்

பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் ட்ரேயை வையுங்கள். கரைசல் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ ஏற்ற வேண்டாம். பிளாஸ்டிக் இடுக்கியால் போர்டை இறக்கி, ட்ரேயை மெதுவாக ஆட்டிக்கொண்டிருங்கள். குனிந்து முகத்தை நேர்மேலே கொண்டுபோகாதீர்கள். தேவையில்லாத செம்பு மறைந்ததும் எடுத்து, ஒரு டப்பா தண்ணீரில் முக்கி அலசுங்கள். அந்த முதல் அலசு நீரும் கழிவோடுதான் சேர வேண்டும்.

படி 7: மேலே பட்டுவிட்டால்

தோலில் பட்டால் கறைபட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். அமிலம் ஆயிற்றே என்று சோடா தேய்க்கக் கூடாது. அதனால் வரும் சூடு புண்ணைப் பெரிதாக்கும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே 15 நிமிடம், பிறகு நேராக மருத்துவரிடம், பாட்டில் லேபிளோடு. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

படி 8: எடுத்து வைத்தலும் கழித்தலும்

ஃபெர்ரிக் குளோரைடு வேகம் குறையும்வரை பல போர்டுக்கு வரும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில், பிளாஸ்டிக் மூடி போட்டு வையுங்கள். பெராக்சைடு கலவையை மட்டும் இறுக்கி மூடக் கூடாது. ஆக்சிஜன் வெளிவந்து பாட்டில் வெடிக்கும். தளர்த்தி மூடினால் என் இடுக்கிக்கு வந்த கதிதான். எனவே தேவைக்கு மட்டும் கலக்கி, மிச்சத்தைக் கருவிகளிடமிருந்தும் படுக்கையறையிலிருந்தும் தள்ளி, வெளியே வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வேண்டாம். பெயரையும் தேதியையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

தீர்ந்துபோன கரைசலை சிங்க்கில் ஊற்றக் கூடாது. உலோகக் குழாயை அரிக்கும் என்பது சின்ன பிரச்சினை. கரைந்த செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. செப்டிக் டேங்க்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். பெரிய வாளியில் ஊற்றி, வாஷிங் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நுரை பொங்கும், அதனால்தான் பெரிய வாளி. பிஎச் தாளில் (அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) 7 அல்லது 8 காட்டினால் நிறுத்துங்கள். செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும்.

நிறையப் பேர் இந்த இடத்தில் தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அமிலத்தன்மை போயிருக்கிறது, செம்பு முழுவதும் போகவில்லை. நுரை முற்றிலும் நிற்க ஓரிரு நாள் வாளியைத் திறந்தே விடுங்கள். பிறகு சேறும் நீருமாகப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, 'செம்புக் கழிவு' என்று எழுதி, உங்கள் ஊரில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். சில போர்டுக்கான கழிவு சேரும்வரை வைத்திருந்து மொத்தமாகக் கொண்டுபோகலாம்.