நீண்ட ஓட்டமும் எடை மெஷினும்: நாம் செய்யும் தவறுகள்

ஞாயிறு அதிகாலை கம்பத்தில் கிளம்பி, லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஏறி, கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஒரு கட்டன் சாயா (பால் விடாத டீ) குடித்துவிட்டு அதே வழியில் ஓடியே இறங்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். போக வர 40 கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை எடை மெஷினில் ஏறுவது. இரண்டு, இரண்டரை கிலோ குறைந்திருக்கும், உடனே வாட்ஸ்அப்பில் போட்டோ.

அது கொழுப்பு இல்லை. சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி ஆகும். 60 கிலோ ஆள் 50 கிலோமீட்டர் ஓடினால் 3,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 வேண்டும். எரிந்தது முழுக்கக் கொழுப்புதான் என்று வைத்துக்கொண்டாலும் 400 கிராம் தேறாது. மீதியெல்லாம் வியர்வை, அப்புறம் தசையிலும் ஈரலிலும் இருந்த கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்து. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. ஒன்றிரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். சிலருக்கு மறுநாள் கால் வீங்கி, எடை பழையதைவிடக் கூடவே காட்டும். அடிபட்ட தசையைச் சரிசெய்ய உடம்பு தேக்கும் நீர் அது. அதைப் பார்த்துப் பயந்து பட்டினி கிடப்பதுதான் பெரிய தவறு.

நானும் அப்படிக் கிடந்தவன்தான். ஓடிய நாளில் ராச்சாப்பாட்டை விட்டேன், மூன்று மாதத்தில் எடை நன்றாகவே இறங்கியது, ஆனால் ஏற்றத்தில் தொடை கேட்கவில்லை. கூட ஓடும் மூத்த அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, "மூஞ்சியெல்லாம் ஒட்டிப்போச்சே தம்பி, சாப்பிடுறியா இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

2009-ல் ஒரு நெடுந்தூர ஓட்டப் போட்டியில் இத்தாலியின் பாரி நகரிலிருந்து நார்வேயின் வட முனை வரை 64 நாளில் 4,487 கிலோமீட்டர் ஓடினார்கள். எம்.ஆர்.ஐ. கருவியை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆய்வாளர்களும் கூடவே போனார்கள். ஓடியவர்களின் உடல் கொழுப்பில் பாதியளவு கரைந்திருந்தது, பெரும்பகுதி முதல் பாதி தூரத்திலேயே. ஆனால் தினமும் வேலை செய்த கால் தசையும் சுமார் 7 சதவீதம் சுருங்கியிருந்தது. உள்ளே போகும் சாப்பாடு போதாவிட்டால், ஓடுகிற காலையே உடம்பு தின்னும். அதனால் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் புட்டும் கடலையுமோ, சோறும் முட்டையுமோ, கிடைப்பதை வயிறாரச் சாப்பிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நிறையப் பேர் எதிர்ப்பக்கம் தவறுகிறார்கள். தாகமே இல்லாமல் பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து ஆபத்தான அளவுக்கு நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு இப்படி ஆகியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் இது அதிகம். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பதும் தப்பு. தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

குமுளி இறக்கத்தில் தொடைக்கு விழும் அடி ஏற்றத்தைவிட மோசம், இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அந்த வலிக்குப் புரூஃபன் (இபுப்ரோஃபென்) மாதிரி வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ஓடிய பிறகு சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனால் தசை உடைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று அர்த்தம். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெண்களுக்கு ஒன்று: மாதவிடாய் நின்றுபோனால் "ஓடுகிறோம், அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது, அடுத்து தேய்வது எலும்பு.

எடை பார்த்தே ஆகவேண்டுமா? ஞாயிறு ஓடினால் வியாழன் காலை, வெறும் வயிற்றில் பாருங்கள். கூடவே ஒரு இஞ்ச் டேப்பால் தொடையையும் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். இடுப்பு குறைந்து தொடை அப்படியே இருந்தால் சரி. இரண்டும் குறைந்தால் அடுத்த வாரம் கிலோமீட்டரைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டுங்கள்.