கடைமடைக் கல்யாணத்தை நேரலையில் அனுப்புவது எப்படி

தலைஞாயிறு பக்கம் ஒரு வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் விடுப்பு கிடைக்கவில்லை. நான் அனுப்பிய நேரலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது, படம் உறைந்தது. மறுபடி அசைந்தபோது தங்கையின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. அன்று அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த நொடியில் படம் நின்றதற்குக் காரணம் உண்டு. 2003இல் வந்த எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை ஒரு முழுப்படத்தை அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறிய இடங்களை மட்டும் அனுப்புகிறது. மணமேடை அசையாமல் இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு. அட்சதை விழும்போதோ ஒவ்வோர் அரிசியும் ஒரு மாற்றம், ஓமப்புகையும் அப்படித்தான். அதே நேரத்தில் பந்தலில் இருக்கும் அத்தனை பேரும் கைப்பேசியைத் தூக்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே டவர். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் கடைமடை வாய்க்கால் கொள்வதுதானே வயலுக்கு வரும்!

ஆகவே முதலில் பிட்ரேட், அதாவது ஒரு விநாடியில் நாம் அனுப்பும் தரவின் அளவு. முந்தைய நாள் காலிப் பந்தலில் வேகம் பார்த்து ஏமாறாதீர்கள். மாப்பிள்ளை அழைப்பின்போது, கூட்டத்துக்கு நடுவே நின்று பதிவேற்ற வேகத்தை நான்கைந்து முறை பாருங்கள். கிடைத்ததில் மிகக் குறைந்ததை எடுத்து, அதிலும் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் 720 அளவுப் படம், விநாடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்), 1500 கிலோபிட் என்பதில் வந்து நிற்கிறேன். நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் சிபிஆர் என்ற நிலையான பிட்ரேட்டையே தேர்ந்தெடுங்கள். அட்சதை விழும்போது படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் நிற்காது. கேமராவை முக்காலியில் வையுங்கள், அசைவு குறைந்தால் அந்தப் பிட்டெல்லாம் முகத்துக்குப் போகும்.

அடுத்தது கீஃபிரேம் இடைவெளி, அதாவது ஒரு முழுப்படத்துக்கும் அடுத்த முழுப்படத்துக்கும் இடையிலான நேரம். வழியில் ஒரு தரவுத் துண்டு தொலைந்தால், அதை நம்பி வரும் படங்களெல்லாம் கெடும்; அடுத்த முழுப்படம் வந்தால்தான் முகம் தெளியும். ஓபிஎஸ்ஸுக்குள் எச்.264 சுருக்கத்தைச் செய்யும் எக்ஸ்264இல் நாம் எதையும் மாற்றாவிட்டால் 250 ஃபிரேமுக்கு ஒரு முழுப்படம் வரை தள்ளிப்போகலாம். அதாவது பத்து விநாடி. மூன்று முடிச்சும் அதற்குள் முடிந்துவிடும். 2 விநாடி என்று வையுங்கள். ஒரு விநாடிக்கும் கீழே இறக்காதீர்கள். முழுப்படம் கனமானது, சிறிய பிட்ரேட்டை அதுவே தின்றுவிடும்.

அனுப்பும் வழியில்தான் நான் அதிகம் அடிபட்டேன். நேரலை அனுப்பும் வழக்கமான நெறிமுறையான ஆர்டிஎம்பி, எல்லாத் துண்டையும் வரிசை தவறாமல் சேர்க்கும் டிசிபி மேல் ஓடுகிறது. தொலைந்த துண்டு வந்து சேரும்வரை பின்னால் உள்ளதெல்லாம் வரிசையில் காத்திருக்கும். எஸ்ஆர்டி என்ற இன்னொரு நெறிமுறை, எதற்கும் காத்திராமல் அனுப்பும் யுடிபி மேல் ஓடுகிறது. தொலைந்ததை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கும், நாம் கொடுத்த கெடுவுக்குள் வராவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். அந்தக் கெடு இயல்பாக 120 மில்லிவிநாடி. கிராமத்து மொபைல் இணைப்புக்கு அது போதாது. துண்டு போய்த் திரும்பும் நேரத்தைப் போல் நான்கு மடங்காவது வேண்டும். நான் தாராளமாக 2 விநாடி கொடுக்கிறேன். கவனம்: ஓபிஎஸ்ஸில் கொடுக்கும் எஸ்ஆர்டி முகவரியில் இந்த எண்ணை மைக்ரோவிநாடியில் எழுத வேண்டும், 2000000 என்று. நான் 2000 என்று எழுதி, ஒரு நிச்சயதார்த்தம் முழுவதும் சிதறிய படத்தை அனுப்பினேன். எஸ்ஆர்டியை வாங்க மறுமுனையில் ஒரு கணினி வேண்டும். வாடகை சர்வர் ஒன்றில் வாங்கி அங்கிருந்து யூடியூபுக்குத் தள்ளுகிறேன்.

அதற்கு வசதியில்லாமல் நேரே ஆர்டிஎம்பியில் போகிறவர்கள், நெரிசலுக்கேற்ப பிட்ரேட்டைத் தானே குறைக்கும் வசதியை ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட அமைப்பில் இயக்கிவிடுங்கள்.

ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம், 96 கிலோபிட் கொடுங்கள். படம் தடுமாறினாலும் நாதஸ்வரம் அறுபடாமல் கேட்டால் தூரத்தில் இருப்பவர் பொறுத்துக்கொள்வார்.

கணினியில் சேமிக்கும் பதிவை எம்கேவி என்ற கோப்பு வகையில் வையுங்கள். மின்சாரம் போய்விட்டால் பாதியில் நின்ற எம்பி4 பெரும்பாலும் திறக்காது, அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. எம்கேவியில் நின்ற இடம் வரைக்கும் இருக்கும். தாலி கட்டும் நேரத்தை அதிலிருந்து வெட்டி, பந்தி முடிவதற்குள் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிவிடுகிறேன்.