தங்கத் துகளில் டிஎன்ஏ சோதனை: நிறம் மாறியதும் நம்பிவிடாதீர்கள்

வேலூர், காட்பாடி பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குத் தங்க நானோ துகளை எடுக்கிறவர்கள் உண்டு. பெரிய கருவி வேண்டாம், டியூபில் உள்ள சிவப்புத் திரவம் ஊதாவானால் டிஎன்ஏ இருக்கிறது என்று காட்டிவிடலாம், அதுதான் ஈர்ப்பு. அந்த ஊதாவை அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு.

ஸ்ரீபுரம் பொற்கோயிலில் மஞ்சளாய் மின்னும் அதே தங்கம், 13 நானோமீட்டர் துகளாகி நீரில் மிதந்தால் சிவப்பாகத் தெரியும். துகள்கள் நெருங்கிச் சேர்ந்தால் ஊதாவாகும். 1996-இல் அமெரிக்க வேதியியலாளர் சாட் மிர்கின் குழுவினர், கந்தக முனை கொண்ட டிஎன்ஏ இழைகளைத் துகள்மேல் ஒட்டி, தேடும் இழை வந்து இரண்டு துகள்களைப் பிணைக்கும்படி செய்தார்கள். ஆக, துகள்கள் சேர்ந்துவிட்டன என்பதை மட்டுமே நிறம் சொல்கிறது. சேர்த்து வைத்தது யார் என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி உப்பு. சிட்ரேட் பூசிய துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே நெகட்டிவ் மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. உப்பு அந்தத் தள்ளலை மறைத்துவிடும். மெக்னீசியம், கால்சியம் மாதிரி இரட்டை மின்னேற்ற அயனிகள் இன்னும் மோசம். டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையின் வழக்கமான பஃபர் கரைசலிலேயே 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் 1.5 மில்லிமோலார் மெக்னீசியமும் இருக்கின்றன. பாலாற்றுப் பக்கத்து போர்வெல் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாய் நீரில் கழுவிய பாத்திரத்தைக் கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசாவிட்டால் கால்சியம் தங்கிவிடும். டிஎன்ஏ சேர்க்காமல், அதே பஃபர் மட்டும் ஊற்றிய ஒரு டியூப் பக்கத்தில் இல்லையென்றால் அந்த முடிவை யாரிடமும் காட்டாதீர்கள்.

விசாரிக்க எளிய வழி சூடு. டிஎன்ஏ பிணைத்த கூட்டத்தைச் சூடாக்கினால், சில டிகிரி இடைவெளிக்குள் இழைகள் பிரிந்து சிவப்பு திரும்பும். உப்பால் திரண்ட வெற்றுத் துகள்கள் அப்படித் திரும்பாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே அறிக்கை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சிவப்பாகவே இருப்பதால் டிஎன்ஏ இல்லை என்பது. வெற்றுத் துகளில் உப்பு போட்டுப் பார்க்கும் முறையில் ஒற்றை இழை டிஎன்ஏ துகளைப் போர்த்திக் காக்கும்; தேடும் இழை வந்து அதோடு இணைந்தால் காப்பு போய் ஊதாவாகும். பிசிஆரில் மிச்சமான பிரைமர் என்ற குட்டை ஒற்றை இழைகளும் துகளைப் போர்த்திக் காக்கும்; ரத்த சீரத்தின் ஆல்புமின் புரதமும் அதையே செய்யும். மாதிரியைச் சுத்தம் செய்யாமல் ஊற்றினால், நோய் இருந்தும் டியூப் சிவப்பாகவே நிற்கும்.

நுண்ணிய அளவு என்ற பேச்சையும் கொஞ்சம் அளந்து பேச வேண்டும். கண்ணால் நிறம் பார்க்கும் ஆரம்பகால முறைகளுக்கு 10 ஃபெம்டோமோல் அளவு தேவைப்பட்டது, அதாவது சுமார் 600 கோடி மூலக்கூறுகள். ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 வரை காசநோய்க் கிருமி இருந்தாலே நுண்ணோக்கியில் பிடிபட்டுவிடும். எனவே பிசிஆரை ஓரங்கட்டிவிட்டோம் என்று அட்டையில் போடாதீர்கள்.

அறை வெப்பநிலை என்று செய்முறையில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் 25 டிகிரியைக் குறிக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத வேலூர் லேபில் அது எங்கே? குட்டையான இழைகள் பிணையாமலே போகலாம். வாட்டர் பாத்தை நம்புங்கள். கூழ்மத்தை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திரண்டுவிடும். 4 டிகிரி போதும். டிஎன்ஏ ஒட்டும்போது உப்பை ஒரே மூச்சில் ஊற்றாமல், மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவினால், மிச்சத்தை மூடி இறுக்கி வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

உணர்திறனைக் கூட்ட, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய தங்கத்தின்மேல் வெள்ளியைப் படிய வைப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நேரம் கூடினால் தங்கம் இல்லாத இடத்திலும் வெள்ளி கருத்துப் படியும், ஆகவே கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். உப்புத் தண்ணீரின் மிச்சம் இருந்தால் வெள்ளி குளோரைடு வெள்ளையாக இறங்கிக் குழப்பும். அதனால் வெள்ளி ஊற்றும் முன் கடைசிக் கழுவலுக்கு சோடியம் குளோரைடை விட்டுவிட்டு சோடியம் நைட்ரேட் பஃபரை எடுங்கள்.